எஸ்ஏடி மேத்ஸ்: ஃபங்ஷன் கணக்கை எப்படி போடறது

அமெரிக்க காலேஜ்ல சேர எழுதற எஸ்ஏடி பரீட்சையோட மேத்ஸ்ல ரெண்டு மாட்யூல் (பகுதி), ஒவ்வொண்ணுலயும் 22 கேள்வி, 35 நிமிஷம், ஒரு கணக்குக்கு ஒன்றரை நிமிஷம்தான் கிடைக்கும். எஃப்(எக்ஸ்)னு, அதாவது எக்ஸ் குடுத்தா ஒரு விடை தர்ற ஃபங்ஷன, பாத்த உடனே நிறைய பசங்க பயந்துட்டு அடுத்ததுக்கு தாவிடறாங்க, மனசுக்கு கஷ்டமா இருக்கு, ஏன்னா பழகிட்டா சீக்கிரம் முடியிற கணக்குல இதுவும் ஒண்ணு.

முதல்ல ஒண்ணே ஒண்ணு பாருங்க. குடுத்த நம்பர் பிராக்கெட்டுக்கு உள்ள இருக்கா, இல்ல சமன் குறிக்கு அந்தப் பக்கம் இருக்கா? எஃப்(எக்ஸ்) = 3எக்ஸ் − 5னு வச்சுக்குங்க. எஃப்(4) எவ்வளவுன்னு கேட்டா எக்ஸ் இருக்கற இடத்துல 4 போடணும், 12 − 5, விடை 7. அதுவே எஃப்(எக்ஸ்) = 4ன்னா எக்ஸ் எவ்வளவுன்னு கேட்டா 3எக்ஸ் − 5 = 4, எக்ஸ் = 3. ஆப்ஷன்ல 7, 3 ரெண்டுமே உக்காந்திருக்கும், அவசரத்துல படிச்சவங்க அங்கதான் மாட்டுவாங்க. கிராஃப் குடுத்தாலும் இதே கதைதான், எஃப்(2)ன்னா எக்ஸ் அச்சுல 2க்கு போய் நேரா மேலயோ கீழயோ பாருங்க, எஃப்(எக்ஸ்) = 2ன்னா ஒய் அச்சுல 2ல இருந்து படுக்கையா போங்க, கோடு ஒண்ணுக்கு மேல இடத்துல கூட தொடலாம்.

பிராக்கெட்டுக்குள்ள நம்பருக்கு பதிலா எக்ஸ் − 2 மாதிரி வந்தா அந்த மொத்தத்தையும் பிராக்கெட்டோட தூக்கி போடுங்க. எஃப்(எக்ஸ்) = எக்ஸ் ஸ்கொயர் + 1ன்னா, எஃப்(எக்ஸ் − 2)ங்கறது (எக்ஸ் − 2) மொத்தமும் ஸ்கொயர், கூட 1. விரிச்சா எக்ஸ் ஸ்கொயர் − 4எக்ஸ் + 5. கிராஃபா பாத்தா வலது பக்கம் 2 நகரும், மைனஸ பாத்துட்டு இடதுன்னு போட்டுடாதீங்க.

ஒரு ஃபங்ஷனுக்குள்ள இன்னொண்ணு இருந்தா எப்பவும் உள்ள இருக்கறதுல ஆரம்பிங்க, அவ்வளவுதான்.

டேபிள் குடுத்து எக்ஸ் 1, 2, 3க்கு 7, 11, 15ன்னு இருந்தா ஒவ்வொரு தடவையும் 4 ஏறுது, அதான் ஸ்லோப், 1ல இருந்து ஒரு படி பின்னாடி போனா 0க்கு 3, அப்ப ஃபங்ஷன் 4எக்ஸ் + 3. கதை கணக்குலயும் இதேதான், ஒரு டேங்க்ல டி நிமிஷத்துக்கு அப்புறம் 120 + 15டி லிட்டர்னா 120 ஆரம்பத்துலயே இருந்தது, 15ங்கறது ஒவ்வொரு நிமிஷமும் ஏறுற லிட்டர். 15 எதைக் குறிக்குதுன்னு மட்டும் கேட்டா கணக்கே போட வேணாம், வாசிச்சா போதும்.

பரீட்சை எழுதற புளூபுக் ஆப்லயே டெஸ்மோஸ் கால்குலேட்டர் இருக்கு, ரெண்டு மாட்யூல்லயும் யூஸ் பண்ணலாம், தயவுசெஞ்சு வீட்லயே பழகிட்டு போங்க. ஃபங்ஷன அப்படியே டைப் பண்ணிட்டு அடுத்த லைன்ல எஃப்(4)னு அடிச்சா விடை வந்துடும். எஃப்(எக்ஸ்) = 4 டைப்ன்னா ஒய் = 4னு ஒரு கோடு சேத்து ரெண்டும் வெட்டற புள்ளிய க்ளிக் பண்ணா எக்ஸ் தெரியும்.

நெகட்டிவ் மார்க் கிடையாது, அதனால எதையும் காலியா விடாதீங்க. விடைய நீங்களே டைப் பண்ற கேள்வில 11/3 வந்தா அப்படியே 11/3ன்னே அடிங்க, டெசிமல்ல போடணும்னா 3.666 இல்ல 3.667, இடம் இருக்கும்போது 3.67ன்னு நிறுத்தினா தப்புன்னு எடுத்துக்கும்.