பேப்பர் போடும் முன் ஒரு நோட்டுப் போடுங்கள்

திருப்பூரில் வேலையை விடுவதற்குப் 'பேப்பர் போடுவது' என்று பெயர். தீபாவளி போனஸ் கைக்கு வந்த மறுவாரம் எங்கள் ஊர் பனியன் கம்பெனிகளில் பேப்பர் போடுகிறவர்கள் நிறையப் பேர். நானும் இரண்டு முறை போட்டிருக்கிறேன். 2011-இல் போட்டது கோபத்தில், 2019-இல் போட்டது கணக்குப் பார்த்து. "அக்கா, விட்டுடலாமான்னு இருக்கு" என்று என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு அந்த இரண்டுக்கும் நடுவே கற்றதைத்தான் சொல்லி வருகிறேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

நான் மெர்ச்சண்டைசர். ஆடை வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் நம் தொழிற்சாலைக்கும் நடுவே நிற்கிற ஆள். சாயப்பட்டறையிலிருந்து லேப் டிப், அதாவது நிறம் பார்க்கச் சாயமேற்றிய துண்டுத் துணி, வாங்கி அனுப்ப வேண்டும். அளவு பார்க்கும் ஃபிட் சாம்பிள், எல்லா அளவிலும் தைத்த சைஸ் செட், உற்பத்திக்கு முந்தைய பி.பி. சாம்பிள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும். கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பும் வரை தேதியைத் துரத்த வேண்டும். கப்பலைத் தவறவிட்டால் சரக்கு விமானத்தில் போகும், அந்தச் செலவு கம்பெனி தலையில் விழும், அதற்கான திட்டு நம் தலையில் விழும்.

முதல் கம்பெனியில் 4 வருடம் 2 மாதம் இருந்தேன். ஒரு நாள் துணியில் ஷேடு மாறிவிட்டது என்று தையல் லைன் மொத்தமும் பார்க்க, மேலாளர் என்னைக் கத்தினார். தவறு என்னுடையது அல்ல. மறுநாள் காலை பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பி.எஃப். பணத்தை ஒரு ரூபாய் விடாமல் எடுத்தேன். அடுத்த கம்பெனியில் மேலாளர் தங்கமான மனிதர், குரலை உயர்த்திப் பேசியே நான் கேட்டதில்லை. ஆனால் மூன்றாவது மாதமே ஞாயிறு சாயங்காலம் ஆனால் வயிற்றைப் பிசைய ஆரம்பித்தது. அதே பிசைவு! ஆளை மாற்றியும் நோய் கூடவே வந்திருந்தது. என்னை வாட்டியது எது என்று தெரியாமலேயே நான் ஒரு வேலையை விட்டிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கச் சொல்கிறேன். ஆறு வாரம், தினமும் படுக்கப் போகும் முன் மூன்றே வரி. இன்றைக்கு மனசு கனத்தது எத்தனை மணிக்கு? அப்போது கையில் என்ன வேலை இருந்தது, எதிரே யார் இருந்தார்கள்? இன்றைக்கு நேரம் போனதே தெரியாமல் செய்த வேலை ஏதாவது உண்டா? அவ்வளவுதான். கதை எழுத வேண்டாம், புலம்ப வேண்டாம். ஷிப்மென்ட் நெருக்கடி உள்ள வாரமும் இல்லாத வாரமும் இரண்டுமே அந்த ஆறு வாரத்துக்குள் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நெருக்கடியான வாரத்தை மட்டும் எழுதினால் எந்த வேலையும் நரகமாகத்தான் தெரியும்.

2016-இல் நான் எழுதிய நோட்டு இன்றும் பீரோவில் இருக்கிறது. 36 வேலை நாள். அதில் 22 நாள் 'கனம்' என்று எழுதியிருக்கிறேன். அந்த 22-இல் மேலாளரால் வந்தது 3, சாயப்பட்டறைத் தாமதத்தால் வந்தது 4. மீதி 15 நாளும் இரவு ஏழரை மணிக்கு மேல்! நான் பார்த்தது அமெரிக்க பையர். நியூயார்க்கில் காலை பத்து மணி என்றால் நமக்குக் கோடையில் இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. அவர்கள் அலுவலகம் வந்து உட்காரும் நேரத்தில் நான் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பேன். போன் அடிக்கும். அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லும் அதிகாரமும் எனக்கு இல்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும்தான் சொல்ல முடியும். பொறுப்பு முழுக்க என்னிடம், முடிவு முழுக்க வேறொருவரிடம். என்னை அரித்தது அதுதான்.

நல்ல நாட்கள் 14. அதில் 11 நாள் நான் சாம்பிள் ரூமில், ஆடைக்கு வெட்டு அச்சு வரையும் பேட்டர்ன் மாஸ்டர் பக்கத்தில் நின்றிருந்த நாட்கள். கழுத்து வளைவை அரை சென்டிமீட்டர் இறக்கினால் தோள் எப்படி உட்காரும் என்று அவர் காட்டுவார். "கையில தொட்டுப் பாருங்க அம்மிணி, துணியே சொல்லும்" என்பார். ஒன்பது வருடமாக அந்தத் தொழிலில் இருந்தும், எனக்குப் பிடித்தது அதில் எந்த மூலை என்று அந்த நோட்டை எண்ணிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நோட்டை எண்ணும்போது ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். வேலையே பிடிக்கவில்லையா, வேலை செய்கிற நேரம் பிடிக்கவில்லையா, ஆள் பிடிக்கவில்லையா, சம்பளம் பற்றவில்லையா, அல்லது உடம்பு ஓய்ந்து கிடக்கிறதா? ஐந்துக்கும் ஐந்து மருந்து. ஓய்ந்து கிடக்கிறவருக்குப் புது வேலை மருந்தாகாது. புது இடத்தில் முதல் ஆறு மாதம் இன்னும் கூடுதலாக உழைக்க வேண்டிவரும். என்னிடம் வந்த ஒரு தங்கையின் நோட்டில் திங்கள், செவ்வாய் எல்லாம் நன்றாக இருந்தது. வியாழனுக்கு மேல் எல்லாமே கனம். ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தால் ஹீமோகுளோபின் 8. அவள் வேலையை விடவில்லை, வைத்தியம் பார்த்தாள்.

நோட்டெல்லாம் போட்டுக்கொண்டிருக்கக் கூடாத இடங்களும் உண்டு. இரண்டு மூன்று மாதமாகச் சம்பளம் வராத இடம், பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடச் சொல்லும் இடம், உடம்புக்கோ மானத்துக்கோ ஆபத்தான இடம். அங்கிருந்து முதலில் வெளியே வாருங்கள். பாலியல் தொல்லை என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அப்படிக் குழுவே இல்லாத இடம் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். வேலையை விட்டுவிட்டால் புகார் கொடுக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நோட்டு முடிந்ததும் கேட்டுப் பார்க்க வேண்டும். இதைத்தான் நம்மில் பலர் செய்வதில்லை. மனசுக்குள்ளேயே முடிவுகட்டி, ஒரு நாள் பேப்பரை நீட்டுகிறோம். "எனக்கு இங்க பிடிக்கலைங்க" என்றால் எந்த முதலாளியாலும் ஒன்றும் செய்ய முடியாது. நான் முதலாளியிடம் போய், "இரவு ஒன்பதுக்கு மேல என்னால போன் எடுக்க முடியாதுங்க. அமெரிக்க பையரை நாங்க மூணு பேரும் மாத்தி மாத்திப் பார்க்கிறோம். இல்லைன்னா என்னை சாம்பிளிங்குக்கு மாத்துங்க" என்று கேட்டேன். இரண்டே கோரிக்கை, இரண்டும் அவரால் செய்யக் கூடியவை. "பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்ற சொல்லுக்குத் தேதி கிடையாது. அதனால் தேதியை நானே வைத்துக்கொண்டேன், ஒரு சீசன், மூன்று மாதம். அதற்குள் ஒன்றும் நடக்காவிட்டால் வெளியே தேடுவது என்று முடிவு. இரண்டரையாவது மாதம் கூப்பிட்டு, சாம்பிளிங் தருகிறேன், ஆனால் 27,000 சம்பளம் 24,000 ஆகும் என்றார்.

பணக் கணக்குதான் இதில் கனமான பகுதி. நான் குறைந்தது இரண்டு வாரம் அதில் உட்கார்ந்தேன். வீட்டுச் செலவு எவ்வளவு என்று கேட்டால் 31,000 என்று சொல்லியிருப்பேன். பாஸ்புக்கை எடுத்து, பன்னிரண்டு மாதமும் வெளியே போன பணத்தைக் கூட்டினால் 4,62,000. மாதத்துக்கு 38,500! விட்டுப்போன 7,500 எங்கே? ஜூனில் பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ், தீபாவளித் துணி, ஆவணியிலும் தையிலும் எழுதிய மொய். மொய் எழுதாத மாதத்தை வைத்துச் செலவுக் கணக்குப் போடக் கூடாது. தயவுசெய்து மனக்கணக்குப் போடாதீர்கள். பாஸ்புக்கைப் பார்த்தே போடுங்கள்.

அடுத்து, ஆறு மாதச் சம்பளம் சேமிப்பில் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் வேறு மாதிரிப் பார்த்தேன். வீட்டுக்காரர், துணி சுருங்காமல் பதப்படுத்தும் காம்பாக்டிங் யூனிட்டில் 22,000 வாங்குகிறார். என் சம்பளம் நின்றால் மாதம் துண்டு விழுவது 16,500. ஆறு மாதத்துக்கு 99,000. அந்த எண்தான் என் இலக்கு. 24,000 சம்பளத்தில் மாதம் 7,000 ஆர்.டி. (மாதத் தவணைச் சேமிப்பு) போட்டுப் பதினான்கு மாதத்தில் அதைத் தொட்டேன், அதற்கு மேலும் சேர்த்தேன். சம்பளம் குறைந்தால் குடும்பம் ஓடுமா என்ற பயத்துக்கும் இதிலேயே விடை கிடைத்தது. குறைவான சம்பளத்தில் வாழ்ந்து பார்த்தால்தான் அது தெரியும். இப்போது விட நினைக்கிறவர்களும் புது இடத்தில் எவ்வளவு குறையுமோ அந்தத் தொகையை மூன்று மாதம் சம்பள நாளன்றே எடுத்து வேறு கணக்கில் போட்டுவிட்டு வாழ்ந்து பாருங்கள்.

அந்தப் பணத்தின் அருமை 2020 மார்ச் 25-ஆம் தேதி தெரிந்தது. ஊரடங்கில் நான் போய்ச் சேர்ந்திருந்த சின்ன பேட்டர்ன் யூனிட்டும் மூடிக் கிடந்தது. வட்டிக்கு வாங்காமல் நாங்கள் அந்த நாட்களைக் கடந்ததற்குக் காரணம் அந்த ஆர்.டி.தான்.

தேதி பார்ப்பதும் பணக் கணக்கில் சேர்ந்ததே. நிரந்தர ஊழியருக்கு ஒரே நிறுவனத்தில் ஐந்து வருடம் முடிந்தால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடக் கணக்கால் பெருக்க வேண்டும். 2011-இல் என் அடிப்படை 9,000. இன்னும் பத்து மாதம் பொறுத்திருந்தால் ஏறக்குறைய 26,000 ரூபாய் கைக்கு வந்திருக்கும். அன்றைக்கு அது எனக்கு மூன்று மாத வீட்டு வாடகை. பி.எஃப். விஷயத்திலும் தவறு செய்தேன். கம்பெனி கட்டும் பங்கிலிருந்து, ஒரு வரம்பு வரை, சம்பளத்தின் 8.33 சதவீத அளவு ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. பத்து வருடப் பணிக்காலம் இருந்தால்தான் மாத ஓய்வூதியம். எல்லாவற்றையும் எடுத்ததால் என் நான்கு வருடம் கரைந்துவிட்டது, திரும்ப ஒன்றிலிருந்து எண்ணினேன். ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வருமான வரியும் குறுக்கே வரும். ஆகவே எடுக்காதீர்கள், எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மாறாத பி.எஃப். எண்ணான அதே யு.ஏ.என்.-இல் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கம்பெனி கொடுத்த குரூப் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். வீட்டில் சர்க்கரை, பிரஷர் உள்ள பெரியவர்கள் இருந்தால், வேலையில் இருக்கும்போதே தனிப் பாலிசி எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அந்தக் காலம் பழைய காப்பீட்டின் நிழலிலேயே ஓடட்டும். கம்பெனியில் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள், கடைசிச் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

சாம்பிளிங்கில் இரண்டரை வருடம் நன்றாகவே போனது. பிறகு கம்பெனி சாம்பிள் பிரிவைச் சுருக்கி, என்னை மறுபடி பையருக்கு இரவில் மெயில் பார்க்கும் வேலைக்குக் கூப்பிட்டது. இந்த முறை எனக்குக் குழப்பமே இல்லை. பேட்டர்ன் யூனிட் ஒன்றில் ஆள் தேடுகிறார்கள் என்று மாஸ்டர்தான் சொன்னார். உடனே சரி சொல்லவில்லை. இரண்டு ஞாயிறு அங்கே போய் வேலை செய்து பார்த்தேன். அங்கிருந்து விலகிய ஒருவரைத் தேடிப் பிடித்து, இரவு எட்டு மணிக்குப் போன் வந்தால் யார் எடுப்பார்கள், சம்பளம் எத்தனையாம் தேதி வரும் என்ற இரண்டை மட்டும் கேட்டேன். மூன்று சாயங்காலம் எட்டு மணிக்கு எதிர்ப்புறம் இருந்த பேக்கரியில் டீ குடித்துக்கொண்டே, எந்த மாடியில் விளக்கு எரிகிறது என்று பார்த்தேன். மூன்று நாளும் இருட்டு.

வீட்டில் அப்பாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "அரைக்காசுன்னாலும் மாசாமாசம் வர்ற காசு கண்ணு" என்றார். அவரிடம் நான் வாதாடவில்லை. நோட்டையும் பாஸ்புக்கையும் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தார். "இந்தப் பதினஞ்சு நாளும் எனக்குச் சொல்லவே இல்லையே" என்று மட்டும் சொன்னார்.

போனஸ் வாங்கி, அக்டோபர் கடைசியில் பேப்பர் போட்டேன். தேதியிட்டு எழுதி, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த கடிதத்தில் இருக்கும், அதைப் படித்துவிட்டுக் கடைசி நாளைக் குறியுங்கள். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, வரி பிடித்ததற்கான சான்று (படிவம் 16) எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். கிராஜுவிட்டிக்குத் தகுதி இருந்தால் எழுத்தில் கேளுங்கள், முப்பது நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். பி.எஃப். தளத்தில் நீங்கள் விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பெனி ஏற்றாமல் விட்டிருந்தால், விலகி இரண்டு மாதம் கழித்து நீங்களே ஏற்றிக்கொள்ளலாம். ஆதாரோடு இணைத்த போன் எண் மட்டும் உயிரோடு இருக்க வேண்டும்.