பழைய லேப்டாப் வச்சு குடியிருப்புல கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பிக்கிறது எப்படி (தமிழ்99 செட்டிங்கோட)

சென்னை ஓஎம்ஆர்ல (பழைய மகாபலிபுரம் ரோடு) ஐடி கம்பெனி கட்டடங்களுக்குக் கொஞ்சம் உள்ள தள்ளி கண்ணகி நகர் இருக்கு, இன்னும் தெற்க போனா செம்மஞ்சேரி, பெரும்பாக்கம், எல்லாம் கூவம் கரை அடையாறு கரைனு ஊருக்குள்ள இருந்த குடும்பங்களைக் கொண்டுவந்து குடிவச்ச இடங்க. இங்க இருந்து நிறைய அக்காங்க அதே கம்பெனிகளுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போறாங்க. அவங்க புள்ளைங்களுக்கும் அவங்களுக்கும் வார இறுதியில கம்ப்யூட்டர் சொல்லித்தர நிறைய பேருக்கு ஆசை இருக்கு, ஆனா முதல் ரெண்டு வாரத்துலயே மெஷின் ஓடாம, தமிழ் டைப் ஆகாம, வந்தவங்க திரும்பிப் போயிடுறாங்க. அப்படி ஆகாம இருக்க நாங்க என்ன பண்றோம்னு வரிசையா எழுதறேன். பூட்டபிள் யூஎஸ்பி பண்றது, இன்ஸ்டாலர்ல நெக்ஸ்ட் அழுத்தறது எல்லாம் விளக்கல, அதுக்கு யூடியூப்ல தமிழ்லயே நிறைய இருக்கு.

முதல்ல மெஷின்

இப்போ மெஷின் கிடைக்க நல்ல நேரம். 2025 அக்டோபர் 14 ஓட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சது, விண்டோஸ் 11 போடணும்னா இன்டெல்ல எட்டாவது தலைமுறை பிராசஸராவது வேணும், அதனால ஆறாவது ஏழாவது தலைமுறை மெஷினை எல்லாம் ஆபீஸ்ல ஓரங்கட்டிட்டு இருக்காங்க. நமக்கு அது தாராளம். உங்க ஆபீஸ்ல ஐடி அட்மின்கிட்ட கேளுங்க, ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டுத்தான் தருவோம்னு சொன்னா சரின்னு வாங்கிக்கோங்க, எப்படியும் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா போடற வேகமான டிஸ்க்) தான் போடப்போறோம். காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா ரேமை விட எஸ்எஸ்டிக்குப் போடுங்க, பழைய மெஷின்ல வித்தியாசம் அதுல தான் தெரியும்.

இன்னொரு வழி, 2011ல இருந்து அரசு கொடுத்த இலவச லேப்டாப். பல வீட்டுல பேட்டரி செத்துப் போய் பீரோ மேல கிடக்கும். அதை எடுக்கும்போது ஒண்ணு மறக்காதீங்க, அது அந்த வீட்டு அண்ணனோ அக்காவோ பன்னெண்டாவது படிச்சப்போ வாங்கினது, உள்ள கல்யாண ஃபோட்டோ இருக்கும், அவங்க முன்னாடி உட்கார்ந்து பென் டிரைவ்ல காப்பி பண்ணிக் கொடுத்துட்டுத்தான் ஃபார்மட் பண்ணணும். பேட்டரி வீங்கியிருந்தா கழட்டி தனியா வைங்க, குத்தாதீங்க, அழுத்தாதீங்க, குப்பையிலயும் போடாதீங்க, ஈ-வேஸ்ட் எடுக்கறவங்ககிட்ட கொடுங்க. அடாப்டர்லயே லேப்டாப் ஓடும்.

ஆன் ஆகலைன்னா ரேமைக் கழட்டி அதோட தங்க நிறப் பல்லை பென்சில் அழிக்கிற ரப்பரால தேச்சு மாட்டுங்க. நிறைய மெஷின் இதுலயே எழுந்துக்கும்.

அடுத்தது யாரும் எழுதறதில்ல, அதனால நான் எழுதறேன். மெஷின் நல்லா பூட் ஆகுது, வைஃபை வருது, ஆனா எந்த சைட்டைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பா இல்லன்னு பிரவுசர் மறிக்குது. உடனே நெட்டைத் திட்டாதீங்க, முதல்ல கீழ மூலையில தேதியைப் பாருங்க. பல வருஷம் பின்னாடி காட்டும். மதர்போர்டுல இருக்கற சிஆர்2032 பட்டன் செல் செத்துப் போச்சு, கரண்ட் போனதும் கடிகாரம் பழைய தேதிக்குப் போயிடுது, அந்தத் தேதியில வெப்சைட்டோட சர்டிஃபிகேட் இன்னும் பிறக்கவே இல்ல, அதான் பிரவுசர் நம்ப மாட்டேங்குது. வாட்ச் கடையில கிடைக்கிற செல் தான், மாத்திட்டு பயாஸ்ல (மெஷினை ஆன் பண்ணதும் உள்ள போற அடிப்படை செட்டிங்) தேதி வச்சா தீர்ந்துது. சில லேப்டாப்ல மட்டும் ஒயரோட வர்ற செல் இருக்கும், திறந்து பார்த்துட்டு வாங்குங்க.

கரண்ட்

லேப்டாப் அடாப்டர் ஒண்ணு பொதுவா 65 வாட். பத்து லேப்டாப்னா 650 வாட், ஒரு 5 ஆம்ப் பிளக் தாங்கற 1150 வாட்டுக்குள்ள வந்துடும். டெஸ்க்டாப் மானிட்டரோட வந்தா இந்தக் கணக்கு மாறிடும், ரெண்டு தனி லைனா பிரிங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சொருகறது மட்டும் கூடவே கூடாது, சின்ன புள்ளைங்க வர்ற இடம்.

லினக்ஸ்

விண்டோஸுக்குப் பதிலா நாங்க போடறது லினக்ஸ்ங்கற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம், அதுல லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு. வேற எதுவும் தேட வேணாம்ங்கறது என் கருத்து. 2 ஜிபி ரேம்ல ஓடும், 4 இருந்தா நிம்மதி. வென்டாய் (பென் டிரைவ்ல இருந்து இன்ஸ்டால் பண்ண உதவற டூல்) போட்ட பென் டிரைவ் ஒண்ணு கையில இருந்தா போதும். பூட் மெனு லெனோவா, டெல்லுக்கு எஃப்12, ஹெச்பிக்கு எஃப்9. ஏசர்னா முதல்ல எஃப்2 அழுத்தி பயாஸ்ல எஃப்12 பூட் மெனுவை எனேபிள் பண்ணணும், இல்லாட்டி எவ்ளோ அழுத்தினாலும் வராது. ஒரு மெஷினை முழுசா தயார் பண்ணிட்டு க்ளோன்ஸில்லாவால (டிஸ்க்கை அப்படியே நகல் எடுக்கற சாஃப்ட்வேர்) மத்ததுக்குக் காப்பி பண்ணிடுங்க.

அப்டேட் மேனேஜர் தானா செக் பண்றதை நிறுத்துங்க. மொபைல் ஹாட்ஸ்பாட்ல தான் வகுப்பு நடக்கும், எல்லா மெஷினும் ஒரே நேரத்துல அப்டேட் இழுத்தா அன்னிக்கு டேட்டா காலி. கிவிக்ஸ்ங்கற ஆஃப்லைன் ரீடர்ல தமிழ் விக்கிப்பீடியாவை முன்னாடியே இறக்கி வச்சுடுங்க, நெட் இல்லாமலே தேடிப் படிக்கலாம்.

தமிழ்99, இங்க தான் எல்லாரும் மாட்டறாங்க

தமிழ்99ங்கறது தமிழ் டைப் பண்ற ஒரு கீபோர்டு முறை. கீபோர்டு செட்டிங்ல லேஅவுட் சேர்க்கற இடத்துக்குப் போனா தமிழ்நெட் 99-னு ஒண்ணு தெரியும். அதைச் சேர்த்தா தமிழ் எழுத்து வரும், ஆனா புள்ளி தானா விழாது. எத்தனையோ பேர் அதைப் போட்டுட்டு தமிழ்99 கஷ்டம்னு முடிவு பண்ணிட்டாங்க. அது வெறும் லேஅவுட், தமிழ்99-ஓட விதிகள் அதுல இல்ல. விதிகளோட வேணும்னா இப்படிப் போங்க.

சாஃப்ட்வேர் மேனேஜர்ல ஐபஸ் (வேற மொழியில டைப் பண்ண உதவற சாஃப்ட்வேர்), அப்புறம் ஐபஸ்-எம்17என் (தமிழ்99 விதிகள் இருக்கற அதோட துணைப் பேக்கேஜ்), ரெண்டையும் இன்ஸ்டால் பண்ணுங்க. மெனுல இன்புட் மெத்தட்னு தேடித் திறந்து ஐபஸ்ஸைத் தேர்வு பண்ணுங்க. இப்போ கட்டாயம் லாக் அவுட் பண்ணி திரும்ப உள்ள வரணும், ஜன்னலை மூடித் திறந்தா பத்தாது, பாதி ப்ரோகிராம்ல வேலை செஞ்சு பாதியில செய்யாம இருக்கறதுக்குக் காரணம் இது தான். உள்ள வந்ததும் ஐபஸ் பிரிஃபரன்சஸ்ல இன்புட் மெத்தட் டேப், ஆட் பட்டன், அங்க வர்ற லிஸ்ட்ல தமிழ் இருக்காது, அடியில மூணு புள்ளி இருக்கும் பாருங்க, அதை அழுத்தினா மொத்த மொழியும் விரியும், தமிழ், அதுக்குள்ள தமிழ்99 எம்17என். சேர்த்தாச்சுன்னா விண்டோஸ் கீயோட ஸ்பேஸ் அழுத்தினா மாறிக்கும்.

ஏன் தமிழ்99-னு கேப்பீங்க. 1999ல சென்னையில நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்கு அப்புறம் அரசு ஏத்துக்கிட்ட விசைப்பலகை இது. உயிர் எழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. நான் பிடிவாதமா இருக்கறதுக்குக் காரணம் வேற. அம்மானு அடிக்க ஆங்கிலத்துல எப்படி எழுதணும்னு தெரிஞ்சிருந்தா தான் ஃபொனெடிக் (ஆங்கில எழுத்துல அடிச்சு தமிழா மாத்தற முறை) சுலபம். எட்டாவது வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்ச அக்காவை முதல் நாளே ஆங்கில ஸ்பெல்லிங்ல தடுக்கி விழ வைக்கிறது நியாயமில்ல. காலேஜ் பசங்க ஃபோன்ல ஃபொனெடிக்ல பழகியிருந்தா அவங்களை அப்படியே விடுங்க, மாத்தச் சொல்ல வேணாம்.

பழக்கறதுக்கு மூணு வார்த்தை போதும். அம்மா: அ, ம, ம, ஆ அடிச்சா முதல் ம-வுக்குப் புள்ளி தானா வரும். தம்பி: த, ம, ப, இ. ம-வுக்குப் பின்னாடி ப வந்தா புள்ளி அதுவே போட்டுக்கும், நன்றியில ன-வுக்குப் பின்னாடி ற வர்றப்பவும் அப்படித்தான். மூணாவது பப்பாளி, இதுல தான் சந்தேகம் வரும், ப, ப, ப-ன்னு அடிச்சா புள்ளி தப்பான இடத்துல விழும். முதல் ப அடிச்சதும் அ அடிங்க, அப்புறம் ப, ப, ஆ, ள, இ. அந்த அ, புள்ளி விழாம தடுக்குது. நாமளா புள்ளி வைக்கணும்னா ஆங்கில எஃப் இருக்கற கீ.

எழுத்து ஸ்டிக்கரை கீபோர்டுல ஒட்டி மேல டேப் போடுங்க, டேப் இல்லாம ஒட்டினா கொஞ்ச நாள்ல உரிஞ்சிடும்.

வகுப்புல

மவுஸ்ல நீங்க கை வைக்காதீங்க. இது ஒண்ணை மட்டும் கூட வர்ற வாலண்டியர்கிட்ட திரும்பத் திரும்பச் சொல்லுங்க. அவங்க தேடட்டும், நேரம் ஆகட்டும், நீங்க விரலால ஸ்க்ரீனைக் காட்டுங்க, வாயால சொல்லுங்க.

1999ல டெல்லி கால்காஜியில என்ஐஐடிங்கற கம்ப்யூட்டர் பயிற்சி நிறுவனத்தோட சுவத்துல கம்ப்யூட்டரைப் பதிச்சு வச்சு, சொல்லித்தர ஆள் இல்லாமலே குழந்தைங்க கத்துக்கறாங்கன்னு அங்க வேலை பார்த்த சுகதா மித்ரா சொன்னாரு, உலகமே பேசிச்சு. எனக்கு அதுல முழு சம்மதம் இல்ல. ஆள் இல்லாம விட்டா பெரிய பையன் மவுஸைப் பிடிச்சுக்கறான், சின்ன பொண்ணு பின்னாடி நின்னு வேடிக்கை பாக்குது. பக்கத்துல ஆள் வேணும். எங்க வகுப்புல பொம்பளப் புள்ளைங்களுக்குன்னு தனி மெஷின் ஒதுக்கிடறோம்.

சின்ன புள்ளைங்களுக்கு டக்ஸ் பெயின்ட் (படம் வரைய), ஜிகாம்ப்ரிஸ் (விளையாட்டோட கத்துக்க). கொஞ்சம் வளர்ந்ததும் கிம்ப் (படம் வரையவும் ஃபோட்டோ திருத்தவும்). பெங்களூர்ல குடிசைப் பகுதியில ஃப்ரீ சாஃப்ட்வேர்காரங்க நடத்தின அம்பேத்கர் கம்யூனிட்டி கம்ப்யூட்டிங் சென்டர்ல பசங்க கிம்ப்ல படம் வரைஞ்சாங்க, நம்ம பசங்களும் வரைவாங்க. பெரியவங்களுக்கு சிலபஸ் வேணாம், வந்த வேலையைக் கேளுங்க. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பமா, சாதிச் சான்றிதழா, ரெஸ்யூமா, அதையே பாடமா எடுங்க. ஃபோட்டோ, கையெழுத்து எத்தனை கேபிக்குள்ள இருக்கணும்னு அறிவிப்புல இருக்கும், கிம்ப்ல ஜேபெக்கா எக்ஸ்போர்ட் பண்றப்போ பிரிவியூவை டிக் பண்ணா குவாலிட்டியை நகர்த்த நகர்த்த ஃபைல் அளவு அங்கயே மாறும், அதைப் பார்த்து நிறுத்தலாம்.

நேரம் நீங்க முடிவு பண்ணாதீங்க. தண்ணி வர்ற நேரம், ஷிஃப்ட் நேரம் எல்லாம் அக்காங்களுக்குத் தான் தெரியும்.

ஓடிபி

ஈமெயில் ஆரம்பிக்க நம்பர் கேக்கும். ஆதார்ல இருக்கற நம்பர் வீட்டுக்காரர்கிட்ட இருக்கும், அவர் வேலையில இருப்பாரு. பரவால்லன்னு உங்க நம்பரைக் கொடுத்து அக்கவுண்ட் ஆரம்பிச்சுத் தராதீங்க. பாஸ்வேர்ட் மறந்தா ஓடிபி உங்களுக்கு வரும், நீங்க வேலை மாறி ஊர் மாறிட்டா அந்த அக்கவுண்ட் அவங்களுக்கு இல்லாமப் போயிடும், அதுல தான் ஹால் டிக்கெட் வந்திருக்கும். ஒரு வாரம் தள்ளிப் போனாலும் பரவால்ல, அவங்க பேர்ல, அவங்க கையில இருக்கற நம்பர்ல ஆரம்பிங்க. முந்தின வாரமே ஃபோனோட வரச் சொல்லிடுங்க. பாஸ்வேர்டை அவங்களே அவங்க நோட்டுல எழுதி வீட்டுல வைக்கட்டும், வாலண்டியர் யாரும் குறிச்சு வச்சுக்கக் கூடாது. பொது மெஷின், கிளம்பறப்போ லாக் அவுட் பண்றதையும் பாடத்தோட சேர்த்துச் சொல்லிக் கொடுங்க.

பின்னால சேர்த்தது

கெஸ்ட் செஷன் (பாஸ்வேர்ட் இல்லாம தற்காலிகமா உள்ள வர்ற வசதி) வச்சா சுத்தமா இருக்குமேனு சிலர் கேட்டிருந்தாங்க. இருக்கும், ஆனா வெளிய வந்ததும் ஃபைலோட சேர்ந்து தமிழ்99 செட்டிங்கும் போயிடும். அதுக்குப் பதிலா மாணவர்னு ஒரு யூசரை அட்மின் உரிமை இல்லாம உருவாக்குங்க, அதுல ஐபஸ்ஸைச் செட் பண்ணிட்டு அப்புறமா க்ளோன் எடுங்க.

டிடிபி கடையில அடிச்ச ரெஸ்யூமைத் திறந்தா எழுத்தெல்லாம் கன்னாபின்னானு வருதுன்னு இன்னொருத்தர். அது பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சதா இருக்கும். ஃபான்ட்டைத் தேடி இன்ஸ்டால் பண்ணாதீங்க, யூனிகோடுக்கு மாத்தற கன்வெர்ட்டர்ல போட்டு எடுங்க. ரெண்டு பக்கம் தான்னா அவங்களையே தமிழ்99-ல திரும்ப அடிக்கச் சொல்லுங்க, அன்னிக்கு வகுப்பு அதுவே.