கருப்பை வாயைக் கண்ணால் பார்த்துப் புற்றுநோயின் முன்நிலையைக் கண்டறியும் முறை

திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடம் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்து, தேவைப்பட்டோருக்குச் சிகிச்சையும் அளிக்கப்பட்டதால், கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. ஊசியோ கத்தியோ தேவைப்படாத இப்பரிசோதனையைப் புதிதாகக் கற்கும் செவிலியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

95 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 5 மில்லி அடர் அசிட்டிக் அமிலத்தைக் கலந்து, அன்றன்றைக்குப் புதிதாகக் கரைசல் தயாரிக்க வேண்டும்; நீர் கலக்காத அமிலம் திசுவைச் சுட்டுவிடும். யோனியை விரித்துக் கருப்பை வாயைக் காட்டும் கருவியான ஸ்பெகுலத்தைப் பொருத்தி, நல்ல வெளிச்சத்தில், உட்புறச் சிவந்த படலமும் வெளிப்புற இளஞ்சிவப்புப் படலமும் சந்திக்கும் எல்லைக்கோட்டைத் தேடுங்கள். புற்றுநோயின் முன்நிலை பெரும்பாலும் இக்கோட்டை ஒட்டியே தோன்றுவதால், அதைக் காணாமல் செய்யும் பரிசோதனைக்குப் பொருளில்லை.

சளியைத் துடைத்து, கரைசலில் நனைத்த பஞ்சை ஒற்றிய பிறகு, கடிகாரத்தைப் பார்த்து முழுமையாக ஒரு நிமிடம் காத்திருங்கள். கூட்டம் மிகுந்த முகாம்களில் முதலில் பறிபோவது இந்த ஒரு நிமிடம்தான். மாறுபட்ட செல்களில் உட்கருப் புரதம் மிகுந்திருப்பதால், அமிலம் பட்டதும் அது உறைந்து, ஒளியை ஊடுருவ விடாமல் வெண்மையாகத் தெரிகிறது. அழற்சியாலும் வெண்மை தோன்றலாம். ஆனால் அது மங்கலாக, விளிம்பு தெளிவின்றி, விரைவில் மறைந்துவிடும். எல்லைக்கோட்டைத் தொட்டபடி, அடர்த்தியாக, தெளிவான விளிம்புடன் சில நிமிடங்கள் நீடிக்கும் வெண்திட்டையே சந்தேகத்திற்குரியதாகக் குறிக்க வேண்டும்.

அயோடின் ஒவ்வாமை இல்லையெனில், அடுத்து லூகால்ஸ் கரைசல் எனும் அயோடின் கரைசலைத் தடவலாம். கிளைக்கோஜன் எனும் சேமிப்புச் சர்க்கரைப் பொருள் நிறைந்த இயல்பான வெளிப்படலம் கரும்பழுப்பாகும். கிளைக்கோஜன் குறைந்த பகுதி கடுகு மஞ்சளாக நிற்கும்.

சந்தேகம் எழுந்தால் கால்போஸ்கோப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஜெர்மனியில் ஹின்செல்மன் 1925-இல் அறிமுகப்படுத்திய இக்கருவி திசுவைப் பெரிதாக்கிக் காட்டும். பச்சை வடிகட்டியின் ஊடே பார்க்கையில் இரத்தக் குழாய்கள் கருமையாகி, புள்ளிகளாகவும் ஓடு பதித்த தரைபோலவும் அமைந்த மாற்றங்கள் புலப்படும். எனினும் நோயை உறுதிசெய்வது, சிறு திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சிதான். தொட்டதும் இரத்தம் கசியும் வளர்ச்சி கண்ணில் பட்டால், அமிலத்திற்கே வேலையில்லை. உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எல்லைக்கோடு கருப்பை வாயின் உட்குழாய்க்குள் ஏறிவிடக்கூடும். அப்போது 'இயல்பு' என்று எழுதாமல், 'கோடு முழுமையாகத் தெரியவில்லை' என்றே பதிந்து, எச்.பி.வி. (இப்புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) அல்லது பாப் ஸ்மியர் (கருப்பை வாய்ச் செல்களைச் சுரண்டியெடுத்துப் பார்க்கும்) பரிசோதனைக்குப் பரிந்துரையுங்கள்.