குடியிலிருந்து மீள உதவிய வக்கீலுக்கு நினைவுரை எழுதுவது எப்படி

சின்ன ஊரில் வக்கீல் இறந்துவிட்டால் அவர் வாதாடிய வழக்குகளைப் பற்றிப் பேச ஆள் இருக்கும். குடியை விட முடியாமல் தவித்தவர்களுக்கு அவர் துணை நின்றதைப் பேசத்தான் ஆள் குறைவு, ஏனென்றால் அது கதவைச் சாத்திக்கொண்டு நடந்த வேலை. என் சீனியருக்கு நினைவுரை எழுதும் பொறுப்பு, குமாஸ்தாவான என் தலையில் விழுந்தது. அப்போது கடைப்பிடித்ததைச் சொல்கிறேன்.

முதலில் குடும்பத்தாரிடம் போய் உட்காருங்கள். அவரே ஒரு காலத்தில் குடித்து மீண்டவர் என்றால், அதைச் சொல்லலாமா என்று கேளுங்கள். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும், 1935-இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பில், உறுப்பினர் யாரென்று பத்திரிகையில் வரக்கூடாது என்பது மரபு. இறந்த பிறகும் அதைக் காப்பதே நல்லது என்பது அங்கே பொதுவான எண்ணம், ஆனால் முடிவு குடும்பத்தின் கையில். தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். எங்கள் சார் வீட்டு அம்மா, “தாராளமா சொல்லுங்க, அவர் யார்கிட்டயும் மறைச்சதில்லை” என்றார். சரி, எழுதினேன்.

‘வக்கீலுக்கா இந்தப் பழக்கம்?’ என்று புருவம் உயர்த்துபவர்களுக்கு ஒரு தகவல்: 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கிட்டத்தட்ட 13,000 வக்கீல்களில் ஐந்தில் ஒருவருக்குக் குடி பிரச்சினையாக இருந்தது தெரியவந்தது.

அப்புறம் உதவி பெற்றவர்கள். கட்சிக்காரர் சொன்னது வழக்கு முடிந்தாலும் ரகசியம்தான், வக்கீல் போய்ச் சேர்ந்தாலும் ரகசியம்தான். குமாஸ்தாவுக்கும் அதே கட்டுப்பாடு. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ‘லைசென்ஸ் பறிபோன லாரி டிரைவர்’ என்றாலே சின்ன ஊரில் ஆளைச் சொல்லிவிடுவார்கள். வழக்கை விட்டுவிட்டு வக்கீல் என்ன செய்தார் என்பதை மட்டும் எழுதுங்கள். அந்த மனிதரே ‘நான் பேசுகிறேன்’ என்று முன்வந்தால் மைக்கை அவரிடம் கொடுங்கள்.

வள்ளல், தியாகி பட்டங்கள் எல்லாம் வேண்டாம். அவர் தினமும் செய்த ஒரு காரியத்தைப் பிடித்துக்கொண்டு விரிவாக எழுதுங்கள். நான் எடுத்துக்கொண்டது இது. ஜாமீனில் வந்தவர், “இன்னையோட விட்டுட்டேன் சார்” என்று சத்தியம் செய்தால் மற்றவர்கள் முதுகில் தட்டிக் கொடுப்பார்கள். சார் பேனாவை மூடிவைத்துவிட்டு, “கடைசியா எப்போ குடிச்சே? கையை நீட்டு” என்பார். நடுக்கத்தைப் பார்ப்பார். பல காலம் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே வலிப்பு வரலாம், அதையடுத்துப் புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். அதனால் வழக்கு விவரம் கேட்பதற்கு முன்பே டாக்டரிடம் அனுப்பிவிடுவார். அந்த அமைப்பின் மீட்புக் கூட்டத்துக்குப் போகக் கூச்சப்படுபவரைக் கையோடு கூட்டிப்போய்ப் பின்வரிசையில் பக்கத்திலேயே உட்காருவார். இந்தப் பகுதியைப் படித்தபோதுதான் சபையில் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மீண்டும் குடியில் விழுந்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று எழுதினால், அப்படித் திருந்தாமல் போனவரின் மனைவி எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். திரும்பி வந்தவரிடம் சார் போதனை செய்ததில்லை; “சாப்பிட்டியா?” என்றுதான் ஆரம்பிப்பார். ‘இத்தனை பேரைக் காப்பாற்றினார்’ என்ற கணக்கும் கூடாது. அவரிடம் யாராவது அப்படிச் சொன்னால், “விட்டது அவன்யா, நான் கூட இருந்தேன்” என்று சிடுசிடுப்பார்.

ஐந்து நிமிடத்துக்குள் படித்து முடிகிற அளவு போதும். முந்தின நாளே வீட்டாரிடம் படித்துக்காட்டிவிடுங்கள். மீட்புக் கூட்டத்தில் எடுத்த, மற்றவர்கள் முகம் தெரிகிற படத்தைப் போடாதீர்கள். நினைவு அட்டையின் பின்பக்கத்தில் கூட்டம் நடக்கும் இடம், நேரம், அமைப்பின் பொது எண் ஆகியவற்றை அச்சடித்து வாசல் மேசையில் வைத்துவிடுங்கள். யார் எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டாம்.