கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஐம்பது பேர் கணக்கு

சின் இலக்கம் (வேலை செய்யத் தேவையான சமூகக் காப்புறுதி எண்), ஹெல்த் கார்ட், வங்கிக் கணக்கு எல்லாம் முதல் இரண்டு வாரங்களில் ஆகிவிடும். சொந்தக்காரர் யாராவது கூட்டிக்கொண்டு போவார். இந்த நாட்டின் குடிவரவுச் சட்டம் ஒரு காலத்தில் நம்மைப் போன்றவர்களை எப்படி நடத்தியது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் வந்து பல வருடங்கள் கழித்துத்தான் தெரியும்.

நாட்டுக்குள் வரும் சீனர்களிடம் 1885இல் தலைவரி வாங்கத் தொடங்கினார்கள். ஆளுக்கு 50 டொலர், 1903இல் அது 500 ஆனது. 1923இல் சீனர்கள் வருவதையே ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்தினார்கள். அந்தத் தடை 1947 வரை இருந்தது. இதிலாவது யாரைத் தடுக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள்.

இந்தியர்கள் விஷயம் வேறு. அவர்களும் பிரித்தானியப் பேரரசின் குடிமக்கள் என்பதால் பெயர் சொல்லித் தடுக்கத் தயங்கினார்கள். அதனால் 1908இல் ஒரு விதி வந்தது: சொந்த நாட்டிலிருந்து எங்கும் பயணத்தை முறிக்காமல் நேரே வந்தால்தான் அனுமதி. படித்துப் பாருங்கள், இனம் என்ற சொல்லே இல்லை. ஆனால் இந்தியாவிலிருந்து அப்படி நேரே வர வழியே இல்லாமல் செய்துவிட்டார்கள். 1914 மே மாதம் கோமகட்டா மாரு கப்பல் 376 பேருடன் வன்கூவர் வந்தது. பெரும்பாலும் பஞ்சாபிகள். இரண்டு மாதம் துறைமுகத்திலேயே நிறுத்திவைத்து, 24 பேரை மட்டும் இறங்கவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தா அருகே பஜ்பஜ்ஜில் இறங்கியவர்கள் மீது பிரித்தானியரின் காவல்துறை சுட்டதில் பலர் இறந்தார்கள். 2016இல் கனடியப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். வன்கூவர் போனால் கோல் ஹார்பர் கரையில் இருக்கும் நினைவிடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.

சரி, நம் கதை எங்கே வருகிறது? 1951இல் ஓர் ஒதுக்கீடு போட்டார்கள். ஆண்டுக்கு இந்தியாவுக்கு 150, பாகிஸ்தானுக்கு 100, இலங்கைக்கு 50 பேர். ஒரு தீவு முழுவதற்கும் ஐம்பது! இன்று டொரொன்டோவின் ஸ்காபரோவில் ஒரு கலியாண வீட்டின் முதல் பந்தியிலேயே அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். 1962இல் இனப் பாகுபாட்டைப் பெரும்பாலும் நீக்கினார்கள். 1967இல் படிப்பு, தொழில் போன்றவற்றுக்குப் புள்ளி கொடுத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் புள்ளி முறை வந்தது. நீங்கள் நிரந்தர வதிவிடத்துக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் எண்ணி எண்ணிச் சேர்த்த புள்ளிகளின் தொடக்கம் அதுதான். அகதியாக வந்தவர்களுக்கு 1985இன் சிங் வழக்கு முக்கியம். அகதிக் கோரிக்கையாளர் தன் கதையை நேரில் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும் என்று அதில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் சித்தப்பாவோ மாமாவோ அதற்குப் பிறகு அகதியாக வந்து விசாரணையில் தன் கதையைச் சொல்லியிருந்தால், அந்த வாய்ப்பை இந்த வழக்கில் போராடி வாங்கித் தந்தவர்களில் பெரும்பாலானோர் சீக்கியர்கள்.

அந்த 1908 விதியை நான் இவ்வளவு நேரம் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வேலை தேடும்போது "கனடிய அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்பார்கள், அதாவது இங்கே ஏற்கனவே வேலை செய்திருக்கிறீர்களா என்று. என்னையும் ஓர் இடத்தில் அதைக் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். என்னிடம்தான் குறை என்று நினைத்து வீட்டுக்கு வந்து அழுதேன். அந்தக் கேள்வியிலும் இனம் என்ற சொல் இல்லை. ஆனால் தகுந்த காரணமில்லாமல் அதைக் கட்டாயமாக்குவது பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் 2013இலேயே சொல்லிவிட்டது. இப்படி நடந்தால் மின்னஞ்சலை அழிக்காதீர்கள், தேதியைக் குறித்து வையுங்கள். ஒன்ராறியோவின் மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் முறையிட ஒரு வருடம்தான் அவகாசம். ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்ட உதவி நிலையத்தில் ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை.