வேலையிடத்து நோய்களை விசாரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஆலையில் நாலைந்து பேருக்கு ஒரே மாதிரி வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நிர்வாகம் ஒரு ஆய்வகத்தைக் கூப்பிடுகிறது. அவர்கள் ஒரு நாள் வந்து காற்றை அளந்து, ‘அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது’ என்று தாள் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இருமல் மட்டும் நிற்கவில்லை. இப்படி நடக்கும்போது கருவியில் குறை இருப்பது அரிது. அதை எங்கே வைத்தார்கள், எந்த நேரத்தில் வைத்தார்கள், வைப்பதற்கு முன் யாரைக் கேட்டார்கள் என்பதில்தான் கோளாறு இருக்கும்.

இருப்பவர்களை மட்டும் பரிசோதிப்பது

என் கணக்கில் இதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. மூச்சு வாங்குகிறவரால் தூசியில் நின்று வேலை செய்ய முடியாது. அவர் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார். தாக்குப்பிடிக்கிற உடம்புதான் வேலையில் மிஞ்சும். அவர்களை மட்டும் வரிசையில் நிற்க வைத்து எக்ஸ்-ரே எடுத்தால் ஆலை ஆரோக்கியமாகத்தான் தெரியும்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஜாஸ்பர் என்ற ஊரில் ஒரு மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலை இருந்தது. 2000 மே மாதம் எட்டுப் பேருக்கு ஒரு அரிய நுரையீரல் நோய் வந்திருப்பதாக மாநில சுகாதாரத் துறைக்குத் தகவல் போனது. நுரையீரலின் மிகச் சிறிய காற்றுக்குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொள்ளும் நோய் அது. அந்த எட்டுப் பேருமே அங்கே முன்பு வேலை பார்த்தவர்கள். அதற்குப் பிறகு நியோஷ் என்ற அரசு ஆய்வு நிறுவனம் உள்ளே போய்ப் பார்த்தபோது, வெண்ணெய் வாசனைப் பொருளைச் சூடான எண்ணெயில் கலக்கும் தொட்டி வரை தடம் போனது. அதிலிருந்து எழுந்த ஆவியில், வெண்ணெய் வாசனை தரும் டைஅசிட்டைல் என்ற ரசாயனம் இருந்தது. ‘உணவில் சேர்ப்பதுதானே’ என்று யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. தின்னலாம் என்பதும் நாள் முழுக்கச் சுவாசிக்கலாம் என்பதும் வேறு வேறு.

ஆகவே விசாரணை தொடங்கும்போதே கடைசி ஐந்தாறு வருட வருகைப் பதிவேட்டை வாங்கி, நின்றுபோனவர்கள் பட்டியலைத் தனியாக எடுங்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள் அதில் பெரும்பாலும் இருக்கமாட்டார்கள். அந்தப் பெயர்களை ஒப்பந்தக்காரரிடம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில், அதாவது உலோக வார்ப்பு ஆலைகளில், பீகார், ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்கிறவர்கள் ஏராளம். அவர்கள் நோயோடு ஊர் திரும்பினால் இங்கே ஒரு பதிவும் இருக்காது.

தோதான நாளில், தோதான இடத்தில் அளப்பது

ஃபவுண்டரியையே எடுத்துக்கொள்வோம். மணல் அச்சில் இரும்பை ஊற்றும்போது நெருப்பும் புகையும் கண்ணைப் பறிக்கும். பார்க்க வருகிறவர்கள் அங்கேதான் நிற்பார்கள். மணலிலிருந்து வரும் சிலிகா தூசி அதிகம் கிளம்புவது அதற்குப் பிறகு, ஆறிய வார்ப்பைக் குலுக்கி மணலை உதிர்க்கும் ஷேக்-அவுட்டிலும், ஒட்டிய மணலை கிரைண்டரில் தேய்த்தெடுக்கும் ஃபெட்லிங்கிலும்தான். அந்த வேலை இரவு ஷிஃப்டில் நடக்கிற இடத்தில் காலை பத்து மணிக்குப் போய் அளந்தால் என்ன கிடைக்கும்? ஷிஃப்ட் முடிவில் கம்ப்ரெஸ்ஸர் காற்றால் தரையையும் சட்டையையும் ஊதிவிடும் பத்து நிமிடத்தையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இடமும் அப்படித்தான். கூடத்தின் நடுவில் ஒரு ஸ்டாண்டை வைத்து அளப்பது வசதி. ஆனால் அங்கே யாரும் மூச்சு விடுவதில்லை. சரியான மாதிரி ஆளின் மேல் எடுக்கப்படும்: இடுப்பு பெல்ட்டில் ஒரு சின்ன பம்ப், அதிலிருந்து முதுகு வழியாக ஒரு குழாய், சட்டைக் காலரில் மூக்குக்கு ஒரு அடிக்குள் கட்டைவிரல் அளவில் சைக்ளோன் என்ற ஒரு கூம்பு, அதன் தலையில் வடிதாள் வைத்த டப்பா. ஒருவகை சைக்ளோனுக்கு நிமிடத்துக்கு 1.7 லிட்டர் காற்று இழுக்க வேண்டும். வேகம் மாறினால் பிடிபடும் தூசியின் பருமனும் மாறிவிடும். பெரிய துகள் சுழன்று கீழே விழும், நுரையீரலின் அடிவரை போகக்கூடிய நுண்தூசி மட்டும் வடிதாளில் படியும். முழு ஷிஃப்டும் ஓட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்களா என்று பக்கத்திலிருந்து பார்க்கவும் ஒரு ஆள் வேண்டும்.

அந்த நுண்தூசி வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ‘தூசியே இல்லையே’ என்று யாராவது சொன்னால், விளக்கை அணைத்துவிட்டு கிரைண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு பலமான டார்ச்சை அடிக்கச் சொல்லுங்கள். நேர் வெளிச்சம் கண்ணில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு எதிரே நின்று பார்த்தால், சக்கரத்திலிருந்து கிளம்பும் மேகம் முகத்தைச் சுற்றிப் போவது தெரியும். செலவே இல்லாத சோதனை. நிர்வாகத்தை நம்பவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

எண்கள் வந்த பிறகும் ஏமாறலாம். ஃபெட்லிங் ஆளையும் ஸ்டோர் எழுத்தரையும் சேர்த்து சராசரி போட்டால் எல்லாம் அளவுக்குள் வந்துவிடும். வேலைவாரியாகப் பிரித்துக் கேளுங்கள். அடுத்து, அந்த ‘அளவு’ எது என்று பாருங்கள். நம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் நுண்தூசிக்கு ஒரு சூத்திரம் இருந்தது: குவார்ட்ஸ் (படிக வடிவ சிலிகா) சதவீதத்தோடு 2-ஐக் கூட்டி, அதால் 10-ஐ வகுக்க வேண்டும். தூசியில் 20 சதவீதம் குவார்ட்ஸ் இருந்தால் கன மீட்டருக்கு சுமார் 0.45 மில்லிகிராம் வரை போகலாம் என்பது அதன் கணக்கு. அதில் குவார்ட்ஸ் மட்டும் ஏறக்குறைய 90 மைக்ரோகிராம். அமெரிக்கா 2016-ல் வைத்த வரம்பு 50. சட்டத்துக்குள் இருக்கிறது என்பதற்காக நெஞ்சுக்குப் பாதுகாப்பு என்று எழுதிவிடக் கூடாது.

ரத்தத்தையும் சிறுநீரையும் நேரம் தப்பி எடுப்பது

உலைக்குப் பக்கத்தில் ஒருவர் மயங்கி விழுகிறார். கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். ஆக்சிஜன் கொடுத்தபடியே ஆம்புலன்ஸில் தூரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய், மறுநாள் காலை ரத்தம் எடுத்தால் முடிவு சாதாரணமாக வரும். வெறும் காற்றைச் சுவாசித்தாலே நாலைந்து மணி நேரத்தில் ரத்தத்தில் அது பாதியாகிவிடும். ஆக்சிஜன் கொடுத்தால் இன்னும் வேகமாக. முதலில் காப்பாற்ற வேண்டியது உயிர், அதில் பேச்சே இல்லை. ஆனால் முதல் ஊசி போடும்போதே ஒரு குழாய் ரத்தம் எடுத்து நேரத்தை எழுதி வைத்தால் பிறகு வழக்கு நிற்கும்.

ஷூ ஒட்டும் பசையில் உள்ள ஹெக்ஸேன் போன்ற கரைப்பான்களுக்குச் சிறுநீரை ஷிஃப்ட் முடியும்போது எடுக்க வேண்டும். லீவு முடிந்து வந்த காலையில் எடுத்தால் வீண். ஈயம் இதற்கு நேர்மாறு: ரத்தத்தில் தெரிவது கடைசிச் சில வாரங்களின் கதை, வருடக்கணக்கில் சேர்ந்தது எலும்பில் உட்கார்ந்திருக்கும்.

‘டிபி’ என்று மூடிவிடுவது

கல் குவாரி, கிரஷர், ஃபவுண்டரி ஆட்களுக்கு மார்பு எக்ஸ்-ரேயில் நிழல் தெரிந்தால் உடனே காசநோய் மருந்து எழுதிவிடுவது நம் ஊரில் சாதாரணம். சிலிகா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதாக வரும் என்பதும் உண்மை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஆனால் ‘என்ன வேலை செய்கிறீர்கள், இதற்கு முன் என்ன செய்தீர்கள், எத்தனை வருடம்’ என்ற கேள்வி மருந்துச் சீட்டுக்கு முன் வர வேண்டும். சிலிகா தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸை ஒருவரிடம் கண்ட மருத்துவர் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 89-ஆம் பிரிவிலேயே இருந்தது. அதன் இடத்துக்கு வந்த 2020-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்தக் கடமையை வைத்திருக்கிறது. எழுதாமல் விட்டால் அந்த நோய் கணக்கிலேயே வராது.

பீடி, சிகரெட்டின் மேல் பழியைப் போடுவதும் இதே வகைதான். பஞ்சாலை ஆட்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: ‘லீவு முடிந்து வருகிற முதல் நாள் நெஞ்சு எப்படி இருக்கும்?’ அன்றைக்கு இறுக்கம் கூடி, வாரம் போகப்போகக் குறைகிறது என்றால் அது பஞ்சுத் தூசி நோயின் அடையாளம். புகைப்பவருக்குக் கிழமை தெரியாது.

சூபர்வைசர் முன்னால் கேட்பது

தனியாக, அவரவர் மொழியில், முடிந்தால் ஆலைக்கு வெளியே கேளுங்கள். மேஸ்திரியை மொழிபெயர்க்கச் சொன்னால் ‘ஒன்றும் இல்லை சார்’ என்ற பதில்தான் வரும். 1977-ல் கலிஃபோர்னியாவின் லாத்ரோப் ஆலையில் பூச்சிமருந்து தயாரித்தவர்கள், தங்களில் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பதைத் தங்களுக்குள் பேசித்தான் கண்டுகொண்டார்கள். விந்தணு சோதனை அதன் பிறகுதான் வந்தது. டிபிசிபி என்ற பூச்சிமருந்து பிடிபட்டது. அப்படிப்பட்ட பேச்சு எந்தக் கேள்வித்தாளிலும் தானாக வராது.

மூக்கை நம்புவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கழிவுநீர்த் தொட்டியில் அழுகிய முட்டை நாற்றம் அடித்து, பிறகு நின்றுவிட்டது என்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. அந்த நாற்றத்தைத் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவைத் தொட்டால் மூக்கு மரத்துப்போகும். அந்த நேரத்தில் இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து செத்த சம்பவங்கள் நம்மிடம் நிறைய.

முகக்கவசத்தில் முடித்து, அறிக்கையைப் பூட்டி வைப்பது

‘மாஸ்க் வழங்கப்பட்டது’ என்று எழுதினால் விசாரணை முடிந்த மாதிரி. துணியும் துண்டும் நுண்தூசியைத் தடுக்காது. முதலில் தூசி கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சு குழாய், தண்ணீர்த் தெளிப்பு, மணலுக்கு மாற்று; முகத்துக்குப் பொருந்தும் நல்ல கவசம் அதற்கு மேல். செய்த பிறகு அதே வேலையில், அதே ஷிஃப்டில், அதே ஆள் மேல் மறுபடி அளக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைக் கேட்க வேண்டிய இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

முடிவுகளை அளக்கப்பட்டவர் கையில் கொடுங்கள்: பெயர், தேதி, செய்த வேலை, வந்த எண், எக்ஸ்-ரே நகல், அவர் படிக்கிற மொழியில். சிலிக்கோசிஸ் பத்து, பதினைந்து வருடம் கழித்துக்கூடத் தலைகாட்டும். அதற்குள் ஆலை கைமாறியிருக்கலாம், ஒப்பந்தக்காரர் இல்லாமல் போயிருக்கலாம். இஎஸ்ஐயிலோ நீதிமன்றத்திலோ இழப்பீடு கேட்கும்போது அவரிடம் இருக்கப்போகும் சாட்சி அந்தத் தாள் மட்டும்தான்.