பீர் குடிச்சதும் உடம்பு தடிச்சிருச்சா? முதல்ல என்ன செய்யணும்

எனக்கு அப்போ 24 வயசு, ஓசூர்ல கம்பெனி வேலை, லீவுக்கு பாலக்கோடு வந்து பசங்களோட உக்காந்து ஒரு பீர் பாதிகூட முடிக்கல, கழுத்துல அரிப்பு ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல நெஞ்சு முதுகெல்லாம் தடிப்பு தடிப்பா வந்து உதடு வீங்கிருச்சு. அதுக்கு முன்னாடி மூணு வருஷமா ஒண்ணுமே ஆனதில்ல. பக்கத்துல இருந்தவன் "காணாக்கடிடா மச்சான், காலைல மந்திரிச்சுக்கலாம்"னான், நானும் நம்பிட்டேன். அரை மணி நேரத்துல மூச்சு இழுக்க ஆரம்பிச்சதும் பைக்ல நடுவுல உக்கார வச்சு தூக்கிட்டுப் போனாங்க. பொழச்சேன், ஆனா அன்னிக்கு நாங்க செஞ்சது பாதி தப்பு.

வெறும் தோல்ல மட்டும் தடிப்புன்னா குடிக்கிறதை நிறுத்திட்டு கூட ஒரு ஆள் இருந்து பாக்கணும், தனியா தூங்கவே கூடாது. தொண்டை அடைக்குது, குரல் மாறுது, வீசிங், தலை சுத்தல், திரும்பத் திரும்ப வாந்தி, இதுல ஒண்ணு சேர்ந்தாலும் உடனே 108. படுக்க வச்சு காலைக் கொஞ்சம் உயத்தி வைங்க, மூச்சு முட்டுதுன்னா காலை நீட்டி உக்கார விடுங்க, வாந்தின்னா ஒருக்களிச்சு. எழுந்து நடக்க விடாதீங்க, பிரஷர் எறங்கியிருந்தா நிக்கிறதே உயிருக்கு ஆபத்து, அதான் பைக் வேணாம்ங்கிறேன். செட்ரிசின் அரிப்பைத்தான் கொறைக்கும், மூச்சுக்கு உதவாது, அதுக்கு தொடையில போடுற அட்ரினலின் ஊசிதான். ஊசி போட்டு சரியானாலும் சில மணி நேரம் கழிச்சு மறுபடி வரலாம், அதனால டாக்டர் விடுற வரைக்கும் அங்கேயே இருங்க.

இப்ப முக்கியமான விஷயம். டாக்டர் "என்ன சாப்ட்ட"ன்னு கேக்கும்போது பக்கத்துல அம்மா நிப்பாங்க, "புரோட்டா சார்"னு வாய் சொல்லிரும். நானும் அப்படித்தான் சொன்னேன். அம்மாவை தண்ணி வாங்கிட்டு வரச் சொல்லுங்க, இல்ல அவங்க முன்னாடியே சொல்லிருங்க, திட்டுனா திட்டட்டும். என்ன சரக்கு, எவ்ளோ, சைடிஷ் என்ன (கடலையா, முட்டையா, எறாலா), அன்னிக்கு என்ன மாத்திரை போட்டீங்க, எல்லாத்தையும் சொல்லணும்.

ஏன்னா சரக்குல இருக்குற ஆல்கஹாலுக்கே அலர்ஜிங்கிறது ரொம்ப அபூர்வம். பீர்ல பார்லி, கோதுமை, ஈஸ்ட் இருக்கு, ஒயின்ல சல்ஃபைட் (கெட்டுப்போகாம இருக்கச் சேக்குறது), ஹிஸ்டமின் (அரிப்பு, தடிப்பைக் கிளப்புற பொருள்) இருக்கு, ஆஸ்துமா உள்ளவங்களுக்கு சல்ஃபைட் இழுப்பைக் கிளப்பும். சில சமயம் உண்மையான அலர்ஜி கடலைக்கோ எறாலுக்கோ இருக்கும், குடியும் வலி மாத்திரையும் சேர்ந்து அதைப் பெருசாக்கி விட்டுரும். ஹார்லிக்ஸ் குடிச்சாலும் நாக்கு அரிக்குதுன்னா அதையும் சொல்லுங்க, அதுலயும் பார்லி இருக்கு. முகம் மட்டும் செவந்து சூடாகி படபடன்னு வர்றது ஆல்கஹாலைச் செரிக்க வைக்கிற என்சைம் பிறவிலயே கொறைவா இருக்கிறதால, சீனா ஜப்பான் பக்கம்தான் அது அதிகம், அவங்களுக்கு முதல் தடவைலயே தெரிஞ்சிரும், புதுசா 24 வயசுல வர்ற கதை இல்ல.

மாத்திரை விஷயத்துல ரெண்டு இருக்கு. வயித்துப்போக்குக்குக் குடுக்குற மெட்ரோனிடசோல் போட்டுட்டு குடிச்சா முகம் செவந்து வாந்தி படபடப்பு வரலாம், கோர்ஸ் முடிஞ்சும் 3 நாள் தொடக்கூடாது. இன்னொண்ணு, குடிய நிறுத்தணும்னு, குடிக்கிறவருக்கே தெரியாம வீட்ல அவர் சாப்பாட்டுல டைசல்ஃபிராம்ங்கிற மாத்திரையைக் கலக்குறது. அக்கா, அம்மா யாராவது இதைப் படிச்சா தயவுசெஞ்சு கலக்காதீங்க, உங்க கஷ்டம் புரியுது, ஆனா அதோட குடிச்சா பிரஷர் எறங்கி உயிரே போகலாம், மாத்திரை நிறுத்தி 2 வாரம் வரைக்கும் அது உடம்புல வேலை செய்யும். டாக்டர் பாத்து, குடிக்கிறவருக்கும் தெரிஞ்சு குடுக்க வேண்டிய மருந்து அது.

கண்ணு மங்கலாத் தெரியுதுன்னா அலர்ஜின்னு நெனைக்காதீங்க, மெத்தனால்ங்கிற விஷம் கலந்த சாராயமா இருக்கலாம், 2024ல கள்ளக்குறிச்சில 60 பேருக்கு மேல செத்தது அதாலதான். ஒரு நிமிஷம்கூட தள்ளாம ஆஸ்பத்திரி.

அப்புறம் பத்து நாள் கழிச்சு "பிராந்தியில ஒரு மூடி மட்டும் டெஸ்ட் பண்ணிப் பாப்போமா"ன்னு பசங்க சொல்வாங்க. வேணாம், அடுத்த தடவை தோல்ல ஆரம்பிக்காம நேரா மூச்சுலயே ஆரம்பிக்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு ஊர்லயும் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, அங்க போய் அலர்ஜி டெஸ்ட்டுக்கு எங்க போகணும்னு கேளுங்க. தோல்ல குத்திப் பாக்குற டெஸ்ட்டுக்கு முன்னாடி செட்ரிசினை சில நாள் நிறுத்தணும், எத்தனை நாள்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

காரணம் தெரியிற வரைக்கும் அரிஷ்டமும் வேணாம், அதுலயும் ஆல்கஹால் உண்டு. எங்கம்மா சளிக்கு எப்பவும் தசமூலாரிஷ்டம்தான் ஊத்துவாங்க, நான் உண்மையைச் சொன்ன அன்னிக்கு ராத்திரி ஒண்ணும் பேசல, காலைல பாத்தா அந்த பாட்டிலைக் காணோம், சுக்கும் மிளகும் தட்டி கஷாயம் வச்சிருந்தாங்க.